வயலை விற்க வேண்டாம், தங்கச்சி

கேள்வி: மேடம், என் மகன் மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். ஜெர்மனியில் டார்ட்முண்ட் நகரத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் வகுப்பு. 12 லட்சம் கட்டினால்தான் விசா என்கிறார் ஏஜென்ட். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் வயல் உண்டு. அதை விற்றுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். குடியிருக்கும் வீடு மாமனார் பெயரில். அவர் காலமாகி ஆறு வருஷம். இன்னொன்று, மார்க் ஷீட்டில் பையன் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. சிக்கல் வருமா?
– ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: தங்கச்சி, முதலில் வயலுக்கு விலை பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த 12 லட்சம் யாருக்கும் கட்டுகிற ஃபீஸ் இல்லை. பிளாக்டு அக்கவுண்ட் என்று உங்கள் மகன் பெயரிலேயே ஒரு கணக்கு. ஒரு வருஷச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று ஜெர்மனிக்காரர்களுக்குக் காட்ட 11,904 யூரோவை அதில் போட்டு வைக்க வேண்டும். பையன் அங்கே போய் இறங்கியதும் மாதம் 992 யூரோ அவன் கைக்கே வரும். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அதுதான். விசா கிடைக்காமல் போனால் பணம் திரும்பி வந்துவிடும். டார்ட்முண்டில் படிப்புக் கட்டணமும் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும். இவ்வளவையும் சொல்லாமல் "12 லட்சம் கட்டு" என்று மட்டும் ஒருவர் சொன்னால், கார், பிசானம் என்று இரண்டு போகம் பார்த்த மனுஷன் வயலை விற்கத்தானே நினைப்பார்? எனக்குக் கோபமாகவே வருகிறது.

இந்தத் தொகைக்கும் கல்விக்கடன் கிடைக்கும். ஆனால் பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் உங்கள் கைப்பணமும் வேண்டும். வயலை ஈடாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். வங்கிகள் அதற்குத் தயங்கும். கடன் நின்றுபோனால் சொத்தை ஏலம் விட வங்கிக்கு உரிமை தருகிற 2002-ஆம் வருஷச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால்தான் வீடோ மனையோ கேட்கிறார்கள். உங்கள் விஷயத்தில் எல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் நான் வங்கியில் இருந்தபோது நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். மஞ்சப்பையிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்து மேஜையில் விரித்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் பழைய காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. பெயரைப் பார்த்தேன், அவருடைய அப்பா. எப்போதோ இறந்தவர். பட்டாவும் மாறவில்லை. வாரிசுச் சான்றிதழ், தங்கைகளின் கையெழுத்து, வக்கீலின் லீகல் ஒப்பினியன் என்று நாலு மாசம் ஓடிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு செமஸ்டர் போயிற்று. அவள் என் முன்னால் அழவில்லை, பத்திரத்தைப் பழையபடி மடித்து அப்பாவிடம் கொடுத்தாள். அந்தக் கை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால் இந்த வாரமே இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, அம்பை தாலுகா ஆபீசில் பின்னாலேயே நின்று வாங்குங்கள். வீட்டுக்கு வில்லங்கமும் போட்டுப் பாருங்கள். அப்புறம், உங்கள் நாத்தனார்கள். பங்கு வேண்டாம் என்று அவர்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதை நான் சொல்ல மாட்டேன். அது அவர்கள் அப்பா வீடு, அவர்களுக்கும் பங்கு உண்டு. பங்கு அவர்களிடமே இருக்கட்டும், ஈடு வைக்கும்போது எல்லா வாரிசுகளும் சேர்ந்து கையெழுத்துப் போட முடியும். பையனையும் கூட்டிக்கொண்டு போய், எவ்வளவு கடன், கட்டத் தவறினால் அவர்கள் பங்குக்கும் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முடிந்தால் மாதாமாதம் வட்டியையாவது கட்டிவிடுங்கள்.

ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது பையனின் இந்தியப் படிப்புச் சான்றிதழ்களை ஜெர்மனிக்காரர்கள் சரிபார்த்துத் தருகிற சான்று, கையில் இருக்கிறதா? 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது இல்லாமல் ஜெர்மன் விசா இல்லை.

பெயர் விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட விட மாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். நம் பிள்ளைகள் எல்லாருக்கும் இப்படித்தான். பிளாக்டு அக்கவுண்ட், காப்பீடு, விசா ஃபாரம், விமான டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதச் சொல்லுங்கள். 'முத்து'வுக்கு ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் 'ஹெச்' போட்டு இன்னொரு இடத்தில் விட்டால்தான் தொல்லை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி மார்க் ஷீட்டோடு வைத்துக்கொள்ளட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால், அங்கே ஆபீஸ் கடிதமெல்லாம் பையனுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் வரும். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.