வீட்டைப் புதுப்பிக்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செந்தூலில் பழைய அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறோம். தீபாவளிக்குள் சமையலறையையும் குளியலறையையும் மாற்றியமைக்க விரும்புகிறோம். எங்களிடம் கார் இல்லை. எந்தக் கடைகளுக்குப் போவது, யாரிடம் யோசனை கேட்பது என்று தெரியவில்லை. கேபினட் செய்யும் நிறுவனம் ஒன்று, பாதித் தொகையை முன்பணமாகக் கட்டினால் வடிவமைப்பை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, செந்தூல்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவை அதைப் பொறுத்தே அமையும். இலவச வடிவமைப்பு என்பது கேபினட்டின் விலைக்குள் சேர்க்கப்பட்ட கூலிதான். கோலாலம்பூரில் சமையலறைக் கேபினட்டுக்குப் பெரும்பாலும் நீள அடிக்கு இத்தனை ரிங்கிட் என்றே விலை சொல்கிறார்கள்; வரைபவரும் விற்பவரும் ஒருவராகவே இருக்கும்போது வரைபடத்தில் அடிகள் கூடிக்கொண்டே போவதில் வியப்பில்லை. அளவெடுத்துச் செய்யும் பொருள் என்பதால் ஓரளவு முன்பணம் கேட்பது நியாயம். ஆனால், அளவுகளோடு கூடிய வரைபடமும், பலகையின் வகையும் தடிமனும் எழுதப்பட்ட விலைப்பட்டியலும் கைக்கு வருவதற்கு முன் பாதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

கடைக்குக் கிளம்புவதற்கு முன் நீங்களே ஒரு தாளில் சமையலறையை வரைந்துகொள்ளுங்கள். சுவர்களின் நீளம், சன்னலின் உயரம், தண்ணீர்க் குழாய் வெளிவரும் இடம், கழிவுநீர் வாய், மின் பிளக்குகள், எரிவாயுத் தோம்பு நிற்கும் இடம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் எதிரெதிர்ச் சுவர்கள்கூட ஒரே நீளத்தில் இருப்பதில்லை என்பதால், ஒவ்வொன்றையும் மேலும் கீழும் இரு முறை அளப்பது நல்லது. இந்தத் தாள் கையில் இருந்தால் மூன்று கடைகளில் ஒரே வேலைக்கு விலை கேட்டு ஒப்பிட முடியும். இல்லையென்றால் ஒவ்வொரு கடைக்காரரும் தமக்கு வசதியான வேறொரு வேலைக்கே விலை சொல்வார்.

கார் இல்லாதது பெரிய குறையில்லை. செந்தூல் நிலையத்தில் அம்பாங் செல்லும் எல்ஆர்டி ரயிலில் ஏறி, மாலூரியில் எம்ஆர்டிக்கு மாறினால் அடுத்த நிலையம் கொக்ரேன். அங்கே மைடவுன் பேரங்காடியை ஒட்டி ஐக்கியா செராஸ் தளவாடக் கடை இருக்கிறது. அங்கு எதையும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முழுமையாக அமைக்கப்பட்ட மாதிரிச் சமையலறைகளில் நின்று, மேடையின் உயரம் உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா, இழுப்பறை திறந்திருக்கும்போது பின்னால் ஆள் நடக்க இடம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த அளவுகளைக் குறித்து வந்தாலே போதும். சமையலறையைத் திட்டமிட்டுத் தரும் சேவையும் அங்கே உண்டு. திரைச்சீலைத் துணிக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடைகளைவிடத் தெரிவு மிகுந்த இடம் நகரில் எனக்குத் தெரிந்து இல்லை. 2005இல் அதே சாலையில் ஒரே கடையாகத் தொடங்கிய மிஸ்டர் டிஐஒய் இன்று எல்லா வட்டாரங்களிலும் இருக்கிறது. கீல், கொக்கி, கைப்பிடி போன்ற சிறு பொருள்களுக்கு அது போதும். மரத்தளவாடங்களுக்கு, பட்டறைகள் நிறைந்த சுங்கை பூலோ வரை ஒரு நாள் போய்வரலாம்.

ஆனால் வேலையாளைத் தேட உங்கள் வட்டாரத்துப் பழைய ஹார்டுவேர் கடையைத்தான் முதலில் நாடச் சொல்வேன். நாள்தோறும் சிமெண்டும் குழாயும் வாங்க வருபவர்களில் யார் கடனை ஒழுங்காகத் தீர்க்கிறார், யார் வேலையைப் பாதியில் விடுகிறார் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். அவர் சொல்லும் குத்தகையாளர், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகையாளர்கள் அங்கே பதிந்திருக்க வேண்டும். மின் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் மட்டுமே வரட்டும். சுடுநீர்க் கருவியில் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்க வேண்டும். அதற்கெனத் தனியாக 10 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானும் பொருத்தச் சொல்லுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கேபினட் பலகையைப் பற்றி ஒன்று. நம் ஊர் ஈரப்பதத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள பலகைதான் முதலில் கெடுகிறது. கடைக்காரரிடம் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஓரிரவு தண்ணீரில் போட்டுவையுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையென்றால் காலையில் வெட்டு விளிம்பு உப்பி, விரலால் தேய்த்தாலே உதிரத் தொடங்கும். நல்ல ப்ளைவுட் அப்படி உப்புவதில்லை. எல்லாவற்றுக்கும் ப்ளைவுட் போடப் பணம் இல்லையென்றால், தொட்டிக்குக் கீழே மட்டுமாவது போடுங்கள்.

குளியலறையில் அழகைவிட நீர்க்காப்பு முக்கியம். பழைய டைல்ஸை உடைத்த பின், நீர்க்காப்புப் பூச்சு காய்ந்ததும் கழிவுநீர் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி, ஒரு முழு நாள் விடச் சொல்லுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கூரையையும் பாருங்கள். புதிய டைல்ஸ் ஒட்டுவது அதன் பிறகுதான். அடுக்குமாடிச் சட்டத்தின்கீழ் 2015இல் வந்த விதிகளின்படி, ஒரு வீட்டின் கூரையில் கசிவு ஏற்பட்டால் வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மேல்வீடே பொறுப்பு என்று கருதப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். டைல்ஸ் வாங்கும்போது பெட்டியின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நிற எண் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டட நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சுத்தியலைத் தொடாதீர்கள். தீபாவளி நெருங்க நெருங்க நல்ல வேலையாட்கள் கிடைப்பது அரிது. மூன்று மாதம் கையில் இல்லையென்றால் பண்டிகைக்குப் பிறகு தொடங்குவதே நிம்மதி.

கேள்வி: செராஸில் எங்கள் தரைவீட்டின் பின்பக்கத்தை நீட்டிச் சமையலறையைப் பெரிதாக்க எண்ணுகிறேன். உள்வடிவமைப்பாளர் ஒருவரை அமர்த்தினால் போதுமா?
— வாசகர், செராஸ்

பதில்: போதாது. சுவரை உடைத்துக் கட்டடத்தை நீட்டுவதற்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பாரம் தாங்கும் சுவரோ உத்தரமோ சம்பந்தப்பட்டால் பதிவு பெற்ற பொறியாளரும் பார்க்க வேண்டும். உள்வடிவமைப்பாளரின் பணி அதற்கு உட்புறத்தில்தான். அந்தப் பெயரில் அட்டை அச்சடித்திருப்பவர் பலர். ஆனால் மலேசியாவில் உள்வடிவமைப்பாளர்கள் கட்டடக் கலைஞர் சட்டத்தின்கீழ் கட்டடக் கலைஞர் வாரியமான லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியாவில் பதிவு செய்யப்படுகிறார்கள், ஆகவே பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். வரைபடத்துக்குத் தனிக் கட்டணம் கொடுத்து வாங்கினால் அது உங்களுடையதாகிவிடும். பிறகு எந்தக் குத்தகையாளரிடமும் அதைக் காட்டி விலை கேட்கலாம். கட்டணத்தை வீண்செலவு என்று நம்மவர்கள் பலர் நினைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேள்வி: முன்பணம் வாங்கிய குத்தகையாளர் பாதி வேலையோடு வருவதை நிறுத்திவிட்டார். வழக்கறிஞருக்குச் செலவிட வசதியில்லை. என்ன செய்வது?
— வாசகி, ஸ்தாப்பாக்

பதில்: பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு செய்யுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். விலைப்பட்டியல், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைத் தேதி வாரியாக அச்சிட்டு வையுங்கள். வேறொருவரை வைத்து வேலையை முடிப்பதற்கு முன், நின்றுபோன நிலையைப் படமெடுத்து, மீதி வேலைக்கு எழுத்தில் ஒரு மதிப்பீடும் வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பு எவ்வளவு என்பதைக் காட்ட அதுதான் உதவும்.

கேள்வி: கொண்டோவில் சுவர்க் கேபினட்டுக்குள் பூசை மாடம் அமைக்கலாமா? நாள்தோறும் விளக்கேற்றுவோம்.
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அமைக்கலாம், ஆனால் கதவு மூடிய மாடத்துக்குள் விளக்கு எரியக் கூடாது. சுடருக்கு நேர் மேலே லாமினேட் பலகை இல்லாதபடி மேற்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். எண்ணெய் சிந்தும் அடித்தட்டில் கிரானைட் பதியுங்கள். சமையல் மேடை வெட்டும் பட்டறையில் மிச்சத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். புகை உணர்கருவி மாடத்துக்கு மேலே இருந்தால் மாடத்தைத்தான் இடம் மாற்ற வேண்டும். சாம்பிராணிக்காகக் கருவியை மூடிவைக்காதீர்கள்.