விளையாட்டுப் புத்தகங்களின் ஓவியர்கள்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசிப் பேசியே கதையை நகர்த்தும் விளையாட்டு. கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவர், நான்தான். கதையைத் தமிழில்தான் சொல்கிறேன். இந்த விளையாட்டின் புதிய புத்தகங்களில் படங்கள் அவ்வளவு பளபளப்பாக இருக்க, நீங்கள் பழைய படங்களையே புகழ்கிறீர்கள். பழசின் மேல் உள்ள பாசமா, உண்மையிலேயே அதில் ஏதாவது இருக்கிறதா? உங்களுக்குப் பிடித்த ஓவியர்கள் யார் யார்? நம் ஊர் ஓவியர்களில் இந்த விளையாட்டுக்குப் பொருந்துகிறவர் உண்டா?

க., பெரம்பூர்

அன்புள்ள க.,

பாசமும் உண்டுதான். ஆனால் தொடர்கதைக்கு வரையும் படம் நடந்ததைக் காட்டினால் போதும். விளையாட்டுக்கு வரையும் படம், பார்க்கிறவரை ‘நானாக இருந்தால் இப்போது என்ன செய்வேன்’ என்று யோசிக்க வைக்க வேண்டும். நாயகன் வாளை ஓங்கிவிட்டான், டிராகன் நெருப்பைக் கக்கிவிட்டது என்றால் உங்கள் ஐந்து பேருக்கும் அங்கே என்ன வேலை? புதிதாக ஆட வருகிறவர்களுக்காக 1983-இல் வந்த சிவப்புப் பெட்டிக்கு லாரி எல்மோர் வரைந்த அட்டை அப்படிப்பட்டது. எத்தனையோ பேரை இந்த விளையாட்டுக்குள் இழுத்து வந்த படம், கைத்திறனில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு முறை பார்த்தால் போதும் எனக்கு.

என் முதலிடம் டேவிட் டிராம்பியருக்கு. 1978-இல் வந்த, ஆட்டக்காரர்களுக்கான விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் அட்டையைத் தேடி எடுத்து நிதானமாகப் பாருங்கள். சண்டை முடிந்துவிட்டது. பல்லி மனிதர்கள் செத்துக் கிடக்கிறார்கள். ஒருவன் வாளைத் துடைக்கிறான், சிலர் வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், இன்னும் சிலர் பிணத்தை இழுத்துப் போகிறார்கள். நடுவில் பிரம்மாண்டமான பூதச் சிலை. அதன் தலைமேல் ஏறி இரண்டு திருடர்கள் கண்ணில் பதித்த ரத்தினத்தை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தினம் பெயர்ந்து வந்தால் சிலை எழுமா? அந்த வரைபடத்தில் அடுத்த அறை எங்கே இருக்கிறது? கீழே நிற்பவர்களுக்குப் பங்கு கிடைக்குமா? ஒரு முழு மாலை ஆட்டம் அந்த ஒரே அட்டையில் இருக்கிறது. டிராம்பியர் 1980-களின் கடைசியில் இந்தத் துறையை விட்டே விலகி, இல்லினாய் மாநிலத்தில் டாக்சி ஓட்டினார். 2014-இல் காலமானார். அவ்வளவு பெரிய கலைஞர் வரையாமலே போன அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்து எரோல் ஓட்டஸ். 1981-இல் புதியவர்களுக்காக வந்த பேசிக் பெட்டியின் அட்டையில் பச்சை டிராகன் ஒன்று தண்ணீரிலிருந்து எழும். அதை எதிர்த்து மந்திரக்காரி ஒருத்தியும் ஈட்டிக்காரன் ஒருவனும் நிற்பார்கள். அதற்கு அடுத்த கட்டமான எக்ஸ்பர்ட் பெட்டியின் அட்டையில் அதே காட்சியை ஒரு மந்திரவாதி தன் மாயக் கோளத்துக்குள் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் யார், எதற்காக வேவு பார்க்கிறான் என்பதற்கு உங்கள் மேஜையில்தான் பதில் கிடைக்கும்.

ஃபியண்ட் ஃபோலியோ என்ற அரக்கர் தொகுப்புக்கு ரஸ் நிக்கல்சன் வரைந்த படங்கள், பிளேன்ஸ்கேப் என்ற ஆட்ட உலகத்துக்கு டோனி டிடெர்லிஸ்ஸி வரைந்தவை இரண்டும் எனக்குப் பிடிக்கும். ப்ராம் வேறு வகை. 1991-இல் வந்த டார்க் சன் உலகத்துக்கு அவர் முதலில் படம் போட்டார், வடிவமைப்பாளர்கள் அதைப் பார்த்துப் பாத்திரங்களை எழுதிச் சேர்த்தார்கள். ஓவியர் முன்னால் போக எழுத்து பின்னால் வந்தது. ஆட்டத்தில் நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம்.

நம் ஊர் ஓவியர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வடபழனியிலிருந்து வந்த அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை மறக்க முடியுமா? உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. வேதாளம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. டிராம்பியரிடம் நான் ரசிப்பது இங்கேயும் அப்படியே இருக்கிறது. ஆனால் உங்கள் ஆட்டத்துக்கு நேரடியாகப் பயன்படப் போகிறவர் சில்பி என்று நினைக்கிறேன். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்தவர். கோயில்களுக்கே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு சிற்பத்தையும் அணி விடாமல், மடிப்பு விடாமல் கோட்டில் கொண்டுவந்தார். அது புத்தகமாகவும் வந்திருக்கிறது. ஐரோப்பியக் கோட்டையை வர்ணித்துத் திணறுவதைவிட, பாழடைந்த கோயிலில் நுழைகிறவர்களுக்கு யாளித் தூண்களைக் காட்டுவது உங்களுக்கு எளிது. ஆட்டக்காரர்களுக்கும் சட்டென்று பிடிபடும்.

அடுத்த ஞாயிறு டிராம்பியரின் அந்த அட்டையை மேஜையில் வையுங்கள். விதி எதுவும் சொல்ல வேண்டாம். ‘இதில் நீ எங்கே நிற்கிறாய், கையில் என்ன இருக்கிறது?’ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் சிலை மேல் ஏறுவேன் என்பார். அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்