வரிசையில் நிற்கும் நேரம்தான் குறும்பு நேரம்

தன்னார்வப் பயிற்சியாளர்களுக்கான கேள்வி – பதில்

கேள்வி: வார இறுதிகளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 16 பேருக்குச் சம்பளம் வாங்காமல் கால்பந்து சொல்லித் தருகிறேன். எனக்கும் பொறுமை வளரும் என்று நம்பித்தான் இறங்கினேன். நடப்பது நேர்மாறு. யாரும் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு மணி நேரம் கத்திவிட்டுத் தொண்டை கட்டி வீடு திரும்புகிறேன்.

பதில்: பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள். 16 பேர் ஒருவர் பின் ஒருவராகக் கோலுக்கு அடிக்கிறார்கள், ஆளுக்கு 15 விநாடி ஆகிறது என்றால், அடுத்த முறை வர 4 நிமிடம் ஆகும். 20 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஐந்தே உதை. மீதி நேரம் முன்னால் நிற்பவனின் சட்டையை இழுப்பான், புல்லைப் பிடுங்குவான். வேலை இல்லாத கை வேறென்ன செய்யும்? இதற்குக் கத்தல் மருந்தாகாது.

ஆளுக்கொரு பந்து கொடுங்கள். இந்த வயதுக்கு 4-ஆம் எண் பந்து சரி. நான்கு கோன்களை வைத்து 20 மீட்டர் சதுரம் போட்டு, எல்லோரையும் உள்ளே ஒரே நேரத்தில் பந்தை ஓட்டவிடுங்கள். நீங்கள் கையை உயர்த்தினால் எல்லோரும் உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து நிற்க வேண்டும். இப்படிப் பத்து நிமிடம் ஓட்டியபின் நான்கு பேர் கொண்ட நான்கு அணிகள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய ஆடுகளங்கள், கோல்கீப்பர் இல்லாத ஆட்டம். மொத்த நேரத்தில் பாதியாவது இந்த ஆட்டத்துக்குப் போகட்டும். பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர்.

பந்தை இழந்தவர் வெளியேறும் ஆட்டங்களை மட்டும் விட்டுவிடுங்கள். முதலில் வெளியேறுவது பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். அதுதான் அதிக நேரம் ஓரத்தில் நிற்கும். பந்தை இழந்தால் ஓரத்தில் ஐந்து முறை பந்தின் மேல் கால் மாற்றி மாற்றித் தட்டிவிட்டுத் திரும்ப வரலாம் என்று வைத்தால் போதும்.

பேச வேண்டியபோது, வெயில் உங்கள் முகத்தில் படும்படி நில்லுங்கள், பிள்ளைகளின் முகத்தில் அல்ல. பந்துகளைக் கீழே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். காலடியில் பந்து இருந்தால் காது உங்களிடம் இருக்காது. 30 விநாடிக்குள் சொல்லி, ஒருமுறை செய்து காட்டி, ஆட அனுப்புங்கள். திருத்தும்போது “அப்படி இல்லை” என்பது எதையும் கற்றுத் தராது. “ஊன்றும் காலைப் பந்துக்குப் பக்கத்தில் வை, கால்விரல் பாஸ் போகும் பக்கம் பார்க்கட்டும்” என்றால் பிள்ளைக்குப் பிடி கிடைக்கும். ஒரு தடவைக்கு ஒரே திருத்தம்.

உங்கள் வளர்ச்சியைக் கேட்டீர்கள். நிர்வாகத்திடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கி, பயிற்சியின் நடுவில் 10 நிமிடம் உங்கள் பேச்சை போனில் பதிவு செய்யுங்கள். வீட்டில் கேட்டு மூன்றை எண்ணுங்கள்: எத்தனை பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தீர்கள், எத்தனை முறை எப்படிச் செய்வது என்று சொன்னீர்கள், எத்தனை முறை வெறுமனே “வேண்டாம், தப்பு” என்றீர்கள். கேட்டதும் பதிவை அழித்துவிடுங்கள். அடுத்த வாரம் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற நினைப்பவர்கள் மூன்றாவது வாரம் பழைய கத்தலுக்கே போய்விடுகிறார்கள்.

இதன் பலன் சிறியதல்ல. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்து நடந்து, 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், முயற்சியைப் பாராட்டவும் தவறுக்குப் பின் ஊக்கப்படுத்தவும் சில மணி நேரம் பழக்கப்பட்டவர்களின் அணிகளிலிருந்து அடுத்த பருவத்தில் விலகியவர்கள் 5 சதவீதம். மற்ற அணிகளில் 26 சதவீதம்.

கேள்வி: என் மகளும் என் அணியில் ஆடுகிறாள். அவளுக்குச் சலுகை என்கிறார்கள் மற்ற பெற்றோர். அவளோ, “என்னைத்தான் அதிகம் திட்டறீங்கப்பா” என்கிறாள்.

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கலாம். முதல் புகாருக்குப் பேச்சால் பதில் சொல்லாதீர்கள், தாளைக் காட்டுங்கள். 40 நிமிட ஆட்டம், களத்தில் 7 பேர், அணியில் 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்தை ஐந்தைந்து நிமிடமாக எட்டுத் துண்டு போட்டால் நிரப்ப வேண்டியவை 56 இடங்கள். ஆறு பேருக்கு ஆறு துண்டு, நான்கு பேருக்கு ஐந்து. அடுத்த வாரம் குறைந்தவர்களுக்குக் கூட்டுங்கள். இந்தப் பட்டியலை ஆட்டத்துக்கு முந்தின நாளே எழுதிவிட வேண்டும். ஆட்டச் சூட்டில் எழுதும் பட்டியலில் பாசமும் கோபமும் கலந்துவிடும்.

மகளைத் திருத்தும் வேலையை உதவிப் பயிற்சியாளரிடம் விடுங்கள். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவளாக எடுத்தாலொழிய ஆட்டத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது கோச் அல்ல, அப்பா.

கேள்வி: ஆட்டத்தில் இரண்டு பையன்கள் தலையோடு தலை மோதிக்கொண்டால்? “ஒண்ணுமில்ல கோச், ஆடறேன்” என்கிறான் ஒருவன்.

பதில்: மூளை அதிர்ச்சியோ என்ற சந்தேகம் வந்தாலே அவனை வெளியே எடுங்கள். அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மயங்கி விழ வேண்டும் என்பதில்லை. தலைவலி, தலைசுற்றல், கேட்டதையே திரும்பக் கேட்பது, திகைத்த பார்வை போதும். வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, தூக்கம் அழுத்தினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனை. கழுத்து வலி என்றால் அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடைசி ஐந்து நிமிடம், சமநிலை ஆட்டம், அவன்தான் உங்கள் சிறந்த வீரன் என்றாலும் இதில் மாற்றமில்லை. மருத்துவர் சொல்லும்வரை பயிற்சிக்கும் சேர்க்காதீர்கள்.

பெற்றோரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். பையனிடம் சொல்லி அனுப்பினால், அடிபட்ட தலை மறந்துவிடும். அடுத்த மேட்ச் ஆட ஆசைப்பட்டால் மறைத்தும்விடுவான்.