திரையில் பளிச்சென்று தெரியும் படம் அச்சில் இருண்டு போவது பற்றி

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நீங்கள் எடுத்த மஞ்சள் மூக்கு நாரைப் படம் கண்காட்சிக்கு அச்சிட்டதும் இருண்டு போனதற்குக் கேமராவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. திருத்தும்போது உங்கள் கணினித் திரையின் ஒளி அளவுக்கு மீறி இருந்திருக்கும் என்பதே என் கணிப்பு. திரை தானே ஒளிர்கிறது, காகிதமோ தன்மேல் விழும் ஒளியை மட்டுமே திருப்பித் தருகிறது என்பதால், முழு ஒளியில் வைத்த திரையைப் பார்த்துத் திருத்தும் எவரும் தம்மை அறியாமலே படத்தை இருட்டாக்கிவிடுவர்.

1. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஏறத்தாழ ஒத்துத் தெரியும்வரை திரையின் ஒளியைக் குறையுங்கள்.

2. மறுபடி திருத்தி, எஸ்ஆர்ஜிபி (sRGB) எனும் பொதுவான வண்ண அமைப்பில் சேமித்து, முதலில் 4x6 அங்குலத்தில் ஒரு பிரதி மட்டும் எடுங்கள். அச்சிடும் லேபில் தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது மிக முக்கியம். இல்லாவிட்டால் இந்தச் சோதனையே பொருளற்றதாகிவிடும்.

திருத்தும்போது படத்தின் வெளிச்சத்தை ஒட்டுமொத்தமாகக் கூட்டாதீர்கள். நாரையின் வெள்ளை இறகுகளில் நுண்விவரம் அழிந்துவிடும். மிக வெளிச்சமும் மிக இருட்டும் அல்லாத நடுத்தரப் பகுதிகளை மட்டும் உயர்த்துங்கள். சோதனைப் பிரதியையும் நெல்லை வெயிலில் பார்த்து முடிவு செய்யாமல், படம் மாட்டப்படும் அரங்கின் விளக்கொளியிலேயே பாருங்கள்.