டொமைன் யார் பேரில் இருக்கிறது?

மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வெப்சைட்டுக்கு வேர்ட்பிரஸ்ஸா, விக்ஸா? (கோத்தகிரி)

முதலில் கூகுள் மேப்பில் வீட்டைப் பதியுங்கள், காசில்லை. அதோடு இலவச வெப்சைட்டும் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வசதியைக் கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. நாலு பக்கம் போதுமென்றால் விக்ஸ் சுலபம். ஆனால் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் தொங்கும், சொந்த டொமைனை, அதாவது உங்கள் தளத்துக்கென்று வாங்கும் இணைய முகவரியை, சேர்க்க முடியாது. பிறகு வேறிடம் மாறினால் தளத்தை மறுபடி கட்டத்தான் வேண்டும். வேர்ட்பிரஸ்ஸை எந்த ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் இடம்) எடுத்துப் போகலாம். அப்டேட், பேக்கப் இரண்டும் உங்கள் தலையில். அதற்கு ஆளில்லையென்றால் விக்ஸே போதும். எதில் செய்தாலும் வாடகை, வழி, போன் நம்பர், நீலகிரிக்குள் வண்டியில் வர இ-பாஸ் எடுக்கும் விவரம் நாலும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். பாஸ் இல்லையென்று குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திய பிறகு விருந்தினர் உங்களைக் கூப்பிட்டுப் பயனில்லை.

டொமைன் முதல் ஆண்டு 99 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? (கொடைக்கானல்)

இரண்டாம் ஆண்டு விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி தனி. எஸ்எஸ்எல்லுக்கு (தளத்துக்குப் போய்வரும் தகவலைக் காக்கும் சான்றிதழ்) தனிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. ஹோஸ்டிங்குக்கு மூன்றாண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டி நான் இழந்திருக்கிறேன். ஓராண்டு பார்த்துவிட்டு நீட்டுங்கள்.

யூகலிப்டஸ் தைலம் விற்க 18,000 ரூபாய் கொடுத்துத் தளம் செய்தோம். செய்தவர் டொமைனைத் தன் பேரில் வைத்துக்கொண்டு இன்னும் பணம் கேட்கிறார். (குன்னூர்)

உங்கள் மேல் தவறில்லை. கடைக்கு முன்பணம் கொடுத்தவரிடம் சாவியைத் தர மறுப்பதுபோன்ற வேலை இது, மலையில் சின்ன வியாபாரிகளிடம் திரும்பத் திரும்ப நடக்கிறது. டொமைன் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் மொபைலில் திறக்கப்பட வேண்டும். தளம் செய்பவருக்கு உள்ளே நுழைய அனுமதி மட்டும் போதும்.

இப்போது செய்ய வேண்டியது: டொமைனைப் பதிந்த அதே நிறுவனத்தில் உங்கள் பெயரில் கணக்கு திறந்து, டொமைனை அதற்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால் டிரான்ஸ்ஃபர் கோடு (மாற்ற அனுமதிக்கும் ரகசியக் குறியீடு) வேண்டும், டொமைன் மாறாமல் தடுக்கும் பூட்டையும் அவர் எடுக்க வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு 1915 நுகர்வோர் உதவி எண், அதன் பிறகு உதகை நுகர்வோர் ஆணையம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் புகார் போட வேண்டும்.

புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களைப் படிக்கவில்லை. டாட் காம் பெயர் போய்விட்டது. (கூடலூர்)

எச்சரித்தும் படிக்காததற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் வரை அபராதம் கட்டி மீட்கலாம். இன்றே கேளுங்கள்.

மலைப்பூண்டு பற்றி எழுதியது தளத்தில் கிறுக்கலாகத் தெரிகிறது. (பூம்பாறை)

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். எல்லா போனிலும் கணினியிலும் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிப் போடுங்கள்.