கடலோர ஊரில் பேஸ் கிட்டாருக்கு ஃப்ளாட்வவுண்ட் தந்தி: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலும், திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவிலும் நான்கு தந்தி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ரவுண்ட்வவுண்ட் தந்திகள் மாட்டிய சில வாரங்களிலேயே துருவேறிச் சொரசொரத்துவிடுகின்றன. விரலை நகர்த்தும்போது எழும் கீச்சொலி ஸ்பீக்கரிலும் கேட்கிறது. ஃப்ளாட்வவுண்ட் தந்திக்கு மாறலாமா? எந்தத் தடிமன் வாங்குவது? என் கிட்டாரின் நெக் (கழுத்துப் பகுதி) அதைத் தாங்குமா?

பதில்: தாராளமாக மாறலாம். நீங்கள் வாசிக்கும் இசைக்கும் நீங்கள் இருக்கும் ஊருக்கும் ஃப்ளாட்வவுண்ட் நன்றாகவே பொருந்தும். ஆனால் எந்த நிறுவனத்தின் தந்தி என்பதைப் பார்ப்பதற்கு முன்னால், அது நெக்கை எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஃப்ளாட்வவுண்டை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்களில் பலர் அதன் ஒலி பிடிக்காமல் கைவிடவில்லை. விறைப்பான தந்தியை வாங்கி, கிட்டாரை அதற்கேற்பச் சரிசெய்யாமல் வாசித்து, கை நோகவே கைவிட்டிருக்கிறார்கள்.

இரண்டு வகைத் தந்திக்கும் நடுவில் இருப்பது எஃகுக் கம்பிதான். அதன்மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட்வவுண்ட். தட்டையான உலோக நாடாவைச் சுற்றினால் ஃப்ளாட்வவுண்ட். உருண்டைக் கம்பியின் சுற்றுகளுக்கு இடையில் உள்ள பள்ளங்களில்தான் வியர்வையும் அழுக்கும் கடற்காற்றின் உப்பும் தங்குகின்றன. நிக்கல் பூச்சு தேய்ந்த இடத்தில் இரும்பு வெளிப்பட்டுத் துரு பிடிக்கிறது, படிந்த அழுக்கு அதிர்வை அடக்கித் தந்தியின் ஒலியை மங்கச் செய்கிறது. நீங்கள் சொல்லும் கீச்சொலியும் அந்த மேடுபள்ளத்தின்மேல் விரல் உரசுவதால் வருவதுதான். ஃப்ளாட்வவுண்டில் அழுக்கு தங்கப் பள்ளம் இல்லை என்பதாலும், பெரும்பாலானவை துருவேறா எஃகால் செய்யப்படுவதாலும், நம் கடற்கரையில் அது பல மடங்கு காலம் உழைக்கும். நெக்கில் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளும் குறைவாகவே தேயும். விலை ஏறக்குறைய இரு மடங்கு, சில வேளை அதற்கு மேலும் ஆகும் என்றாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் செலவு மிச்சமே.

ஒலியைப் பொறுத்தவரை, மேலெழும் பளபளப்பு குறைந்து, அடிநாதம் முன்னே வந்து, மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடியைப் போல ஒவ்வொரு சுரமும் திரண்டு ஒலித்துச் சீக்கிரம் அடங்கும். 1960களில் அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனப் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் இந்த ஒலிதான். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட்வவுண்டை மாட்டி, அதை மாற்றாமலே நெடுங்காலம் வாசித்தவர் அவர். 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து உருவாக்கிய ரவுண்ட்வவுண்ட் தந்திகளுக்குப் பிறகுதான் கணீரென்ற பேஸ் ஒலி பரவலாயிற்று. அதற்காக ஃப்ளாட்வவுண்ட் மெதுவான பாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம்: அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வேகமான ஹெவி மெட்டலையே இந்தத் தந்தியில்தான் வாசிக்கிறார். கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் முறை உங்கள் நிகழ்ச்சிகளில் அடிக்கடி வருமானால் மட்டும் மாற வேண்டாம். கீர்த்தனைகளுக்கும் 1980களின் திரைப்பாடல்களுக்கும் இதைவிடப் பொருத்தமான தந்தி இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி இழுவிசைக்கு வருவோம். சுரமும் தந்தியின் நீளமும் மாறாதபோது, தந்தியின் எடை கூடக் கூட அதை அதிகமாக முறுக்கியாக வேண்டும். தட்டை நாடா இடைவெளியின்றிச் சுற்றப்படுவதால், அதே தடிமனுள்ள ரவுண்ட்வவுண்டைவிடப் பொதுவாக உலோகம் அதிகம், ஆகவே இழுவிசையும் அதிகம். சாதாரண 45–100 (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) ரவுண்ட்வவுண்ட் தொகுப்பின் நான்கு தந்திகளும் சேர்ந்தே நெக்கை ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ விசையோடு இழுக்கின்றன. அதனால், இப்போது 45–105 ரவுண்ட்வவுண்ட் வைத்திருப்பவர் ஃப்ளாட்வவுண்டிலும் அதே எண்ணைத் தேடாமல், ஒரு படி மெல்லியதை வாங்குவது நல்லது.

லா பெல்லாவின் 43–104 தொகுப்பும், டி'அடாரியோ குரோம்ஸின் 45–100 தொகுப்பும் உங்களுக்குச் சரியாக இருக்கும். முன்னது இன்னும் கனமான பழைய ஒலி. பின்னது ஃப்ளாட்வவுண்டுகளில் சற்றே பிரகாசமானது. மேடையில் சிறிய ஸ்பீக்கர்களோடு வாசிக்க நேர்வதால், உங்களுக்கு நான் குரோம்ஸையே பரிந்துரைப்பேன். மிகவும் மங்கலான தந்தி அத்தகைய ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். வியன்னாவின் தாமஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் மிக நெகிழ்வானது, அருமையானது. ஆனால் விலை அதிகம், அழுத்தி வாசிக்கும் கைக்கு அது துவண்டுபோவதாகவும் தோன்றும். ஜேமர்சன் பாணி 52–110 தொகுப்பை முதல் தந்தியாக வாங்கவே வேண்டாம். வாங்குமுன் நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் தந்தி தங்கும் பட்டை) பிரிட்ஜின் சேடில்வரை (உடலின் பக்கம் தந்தி தங்கும் சிறு தாங்கி) அளந்துகொள்ளுங்கள்: 34 அங்குலம் இருந்தால் லாங் ஸ்கேல், 30 இருந்தால் ஷார்ட் ஸ்கேல். தந்தியை உடலின் பின்புறத்திலிருந்து கோக்கும் அமைப்பு உங்கள் கிட்டாரில் இருந்தாலும், ஃப்ளாட்வவுண்டை பிரிட்ஜின் வழியே மாட்டுவதே பாதுகாப்பு, ஏனெனில் கூர்மையான வளைவில் நாடா விரிந்துவிடக்கூடும்.

நெக் தாங்கும், ஆனால் சரிசெய்ய வேண்டியிருக்கும். புதுத் தந்தியைச் சுருதி கூட்டி ஒரு நாள் விட்டபின், முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு தடையின்றி நுழையும் அளவு, அதாவது ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், போதும். அதைவிட அதிகமானால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் இருக்கும் உலோகத் தண்டு) வலஞ்சுழியாகக் கால் சுற்றுக்கு மிகாமல் முறுக்கி, மறுநாள் மீண்டும் பாருங்கள். இறுக்கமாக எதிர்த்தால் கையை எடுத்துவிட்டு, பழகியவரிடம் கொண்டுபோங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் வாங்கி நெக் அசையும். வெயில் காலத்தில் மறுபடி மாறும். ஆகவே இந்தச் சோதனையை ஆண்டுக்கு இருமுறையாவது செய்ய வேண்டும். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டு, அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

மாட்டும்போது ஒரே ஒரு செயலில் மிகுந்த கவனம் வேண்டும். தந்தியை மடிக்காமல் நறுக்கக் கூடாது. போஸ்டைத் (தலைப்பகுதியில் தந்தியைச் சுற்றும் தண்டு) தாண்டி இரண்டு மூன்று சுற்றுக்குத் தேவையான நீளம் விட்டு, அந்த இடத்தில் செங்கோணமாக நன்றாக மடித்து, மடிப்பிற்கு அப்பால்தான் நறுக்க வேண்டும். மடிப்பின்றி நறுக்கினால் நாடா நடுக்கம்பியிலிருந்து நழுவி, புதுத் தந்தி அப்போதே செத்துப்போகும். முனையில் உள்ள வண்ண நூல் சுற்றிய பகுதி நட்டைத் தாண்டிப் போஸ்டின் பக்கமே இருக்க வேண்டும், நட்டின்மேல் வரக் கூடாது.

துருவேறா எஃகையும் உப்பு மெல்ல அரிக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் மேலும் அடியிலும் துடைத்துவிடுங்கள். மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் வாசித்துவிட்டு வந்தால் பிரிட்ஜையும் துடையுங்கள். சேடிலின் உயரத்தை மாற்றும் சின்னஞ்சிறு திருகுகள்தான் தந்திக்கு முன்பே துருவேறி இறுகிப்போகின்றன. ஊசிமுனையால் தொட்டு வைக்கும் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் அவற்றைக் காப்பாற்றும். ரவுண்ட்வவுண்டைக் கொதிநீரில் போட்டு எடுப்பது போல ஃப்ளாட்வவுண்டைச் செய்ய வேண்டாம். மாட்டிய முதல் சில வாரங்களில் இதுவும் சற்றுக் கணீரென்றே ஒலிக்கும். பழகப் பழகத்தான் அதன் குரல் கனியும். இரண்டு மாதம் வாசித்தும் ஒலி உங்களுக்கு மங்கலாகவே பட்டால், உருண்டைக் கம்பியைச் சுற்றி மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்த கிரவுண்ட்வவுண்ட் வகையை அடுத்துப் பாருங்கள். அதில் கீச்சொலி குறைவு, ஒலியோ இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.