நாலு முறை படித்தும் நிற்கவில்லை

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். தமிழ் மீடியம், ஃபர்ஸ்ட் குரூப். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 88 எடுத்தேன். இப்போது காலாண்டுத் தேர்வில் உயிரியலில் 70க்கு 22தான். ஒவ்வொரு பாடத்தையும் நாலு முறை படித்தேன். படிக்கும்போது புரிகிறது, பரீட்சை ஹாலில் பெயர்கள் எல்லாம் கலந்துவிடுகின்றன. "உங்க தமிழ்ப் பெயரெல்லாம் வாயிலேயே நுழையலடி" என்று இங்கிலீஷ் மீடியம் தோழிகள் வேறு கிண்டல் செய்கிறார்கள். அம்மாவோ, "டாக்டருக்குப் படிக்கப் போறதில்லைன்னா எதுக்கு இந்தக் கஷ்டம்? காமர்ஸுக்கு மாறிடு" என்கிறார். என்ன செய்யட்டும்?
- பிளஸ் ஒன் மாணவி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்த 22ஐப் பார்ப்போம். எழுத்துத் தேர்வில் குறைந்தது 15, அதோடு செய்முறை, அகமதிப்பீடு எல்லாம் சேர்த்து 35 வந்தால் தேர்ச்சி. அதனால் நீ விழுந்துவிடவில்லை, பயப்படாதே. பத்தாம் வகுப்பில் ஒரே அறிவியல் புத்தகத்தில் சில பாடங்களாக இருந்த உயிரியல், பிளஸ் ஒன்னில் தாவரவியல் ஒன்று, விலங்கியல் ஒன்று என்று இரண்டு புத்தகங்களாக வந்து நிற்கிறது. காலாண்டில் சறுக்குகிற பிள்ளைகளை முப்பது வருடம் விலங்கியல் வகுப்பில் பார்த்தவள் நான்.

"மனப்பாடம் பண்ணாதே, புரிந்து படி" என்று உனக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மனப்பாடம் இல்லாமல் உயிரியல் படிக்க முடியாது. ஆனால் கண்ணால் பார்க்காத ஒன்றின் பெயரை எத்தனை முறை உருப்போட்டாலும் அது ஒட்டாது. முகம் தெரியாத நாற்பது பேரின் பெயர்ப் பட்டியலை உன்னிடம் கொடுத்தால் எப்படியிருக்கும்? நீ செய்துகொண்டிருப்பது அதைத்தான். பொருள் முதலில், படம் அடுத்து, பெயர் கடைசியில். இந்த வரிசையில் போய்ப் பார்.

தாவரவியலில் ஃபேபேசி குடும்பத்துக்குச் சங்குப்பூதானே உதாரணம்? தெருவில் எந்த வேலியிலாவது படர்ந்திருக்கும். ஒற்றை அடுக்குப் பூவாகப் பார்த்துப் பறி. அடுக்குச் சங்கில் இதழ்கள் எல்லாம் ஒரே மாதிரி விரிந்துவிடும், குழப்பம்தான் மிஞ்சும். ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரி. பெரிதாக விரிந்திருப்பது கொடி இதழ். உள்ளே பக்கத்துக்கு ஒன்றாகச் சிறகு இதழ்கள். அவற்றுக்கும் உள்ளே ஒட்டிக்கொண்டு படகு மாதிரி இரண்டு. அந்தப் படகுக்குள்ளே 10 மகரந்தத்தாள்கள், 9 ஒன்றாகச் சேர்ந்திருக்க ஒன்று மட்டும் தனியாக நிற்கும். இதைக் கையால் ஒரு தடவை பிரித்துவிட்டால் 'இருகற்றை மகரந்தத்தாள்' என்ற சொல்லுக்காக நீ மெனக்கெடவே வேண்டாம். சொலானேசிக்கு ஊமத்தையும் இப்படியே. ஆனால் அது விஷச்செடி, பிரித்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. அடுத்த உதாரணமான வெங்காயம் உன் அடுப்படியிலேயே இருக்கிறது.

விலங்கியலில் உனக்குப் பெயர்கள் கலப்பதற்குக் காரணம், மண்புழுவைத் தனியாகவும் கரப்பான்பூச்சியைத் தனியாகவும் படிப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேள். மண்வெட்டி பட்டால் மண்புழுவிலிருந்து சிவப்பாக ரத்தம் வருகிறது. கரப்பானை அடித்தால் சிவப்பாக ஒன்றும் வருவதில்லை. ஏன்? மண்புழு ஈரமான தோல் வழியாகச் சுவாசிக்கிறது. அங்கே கிடைத்த ஆக்சிஜனை உடம்பு முழுக்கக் கொண்டுபோக ரத்தம் வேண்டும், அதில் ஹீமோகுளோபின் வேண்டும். கரப்பானுக்கு உடம்பின் இரு பக்கமும் 10 ஜோடி மூச்சுத்துளைகள். அங்கிருந்து மூச்சுக்குழல்கள் கிளைகிளையாகப் பிரிந்து காற்றைத் திசுக்களுக்கே நேராகக் கொண்டுபோய்விடுகின்றன. ஆக்சிஜன் சுமக்கிற வேலை ரத்தத்துக்கு இல்லை, அதனால் ஹீமோகுளோபினும் இல்லை, சிவப்பும் இல்லை. சுவாச மண்டலம், சுற்றோட்ட மண்டலம் என்று தனித்தனித் தலைப்பில் இருந்தவை இப்போது ஒரே கதையாகிவிட்டனவா?

என் வகுப்பில் கறிக்கடைக்காரர் மகன் ஒருவன் இருந்தான். புத்தகத்தைத் திறக்கவே மாட்டான். இதயப் பாடம் நடத்தும்போது, "இடது வென்ட்ரிக்கிள் சுவர் ஏன் தடிமன்?" என்று கேட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் முழித்தார்கள். இவன் எழுந்து, "அந்தப் பக்கம் கத்தி லேசுல இறங்காது டீச்சர். உடம்பு பூரா தள்ளணும்ல, வலது பக்கம் நுரையீரலுக்குத்தானே" என்றான். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து ஆட்டு இதயம் ஒன்று வாங்கி வந்து அறுத்துக் காட்டிவிட்டுத்தான் அந்தப் பாடத்தையே தொடங்குவேன். வீட்டில் அசைவம் உண்டென்றால் நீயும் பார். இல்லையென்றால் விடு, படம் போதும்.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. நாலு முறை படிப்பதை நிறுத்து. திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் பழகிவிடும், பாடம் தெரிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வரும். உன் கடிதத்தில் "படிக்கும்போது புரிகிறது" என்று எழுதியிருப்பது அந்த மயக்கம்தான். ஒரு முறை கவனமாகப் படி, புத்தகத்தை மூடு, பழைய நோட்டில் படத்தைப் பார்க்காமல் போட்டுப் பாகங்களைக் குறி. சிறுநீரகத்தின் நெஃப்ரானைப் போட்டால் பாதிதான் வரும். வரட்டும். புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதை மட்டும் வேறு நிற மையில் எழுது. மூன்று நாள் கழித்து மறுபடி ஒன்று, ஒரு வாரம் கழித்து இன்னொன்று. பரீட்சைக்கு முதல் நாள் அந்த வேறு நிற மையை மட்டும் பார்த்தால் போதும். ஒரு மார்க் கேள்விக்கு கைடை நம்பிக்கொண்டிருக்காதே, புத்தகத்தில் 'உங்களுக்குத் தெரியுமா?' பெட்டிச் செய்திகளையும் விடாமல் படி.

தோழிகளின் கிண்டலுக்கு வருகிறேன். 'ஆர்த்ரோபோடா' என்று ஒரு விலங்குத் தொகுதியின் பெயரை அவர்கள் உருப்போடுகிறார்களே, கிரேக்க மொழியில் அதற்குப் பொருள் மூட்டுள்ள கால். நமக்கு அது கணுக்காலி. கரும்பில் கணு பார்த்த பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டுமா? எக்கினோடெர்மேட்டா என்பது முட்தோலி, பொரிஃபெரா துளையுடலி, மொலஸ்கா மெல்லுடலி. செல் பிரிவில் மயோசிஸைக் குன்றல் பிரிவு என்கிறோம், குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குன்றுவதால். தமிழில் பெயரே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஆங்கிலப் பெயரைப் பக்கத்திலேயே எழுதிப் பழகு. நீட்டைத் தமிழிலும் எழுதலாம்தான், பிறகு கல்லூரியில் ஆங்கிலம் வந்து நிற்கும்.

அம்மாவிடம் ஒன்று சொல். உயிரியல் என்றால் டாக்டர் மட்டும் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மைக்கும், மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவத்துக்கும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. டாக்டர் ஆசையும் மனதில் ஒரு மூலையில் இருந்தால், ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. நீட்டில் மொத்தம் 720, அதில் 360 உயிரியலுக்குத்தான்.

காமர்ஸ் உனக்கே பிடித்திருந்தால் தாராளமாகப் போ, அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் பிடித்திருக்கிறது என்று உன் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே. அரையாண்டு வரை இப்படிப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய். மார்க்கை அப்புறம் எழுதலாம். சங்குப்பூவைப் பிரித்ததும், அந்தத் தனி மகரந்தத்தாள் எந்தப் பக்கம் இருந்தது என்று முதலில் எனக்கு எழுது.